முதலாளி சாப்பிடும் நேரம்

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வாடிக்கையாளர்கள் உட்காருவார்கள். இன்னொன்று முதலாளியுடையது. முதலாளிக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை.

சலூன்காரரின் மகன்தான் அவன். நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் அவனை ஏற்றி உட்கார வைத்து, எதிரே உள்ள கண்ணாடியைப் பார்க்க விட்டுத்தான் சாப்பாடு ஊட்டுவார் அப்பா. அந்த நேரத்தில் யார் வந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதுதான். அவசரக்காரர்கள் முணுமுணுத்தால், "முதலாளி சாப்பிடுறாருப்பா, கொஞ்சம் பொறு" என்று பழைய ஆட்களே அடக்கி வைப்பார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் அது.

சலூன்காரர் கவலைப்படுவதில் கெட்டிக்காரர். வானம் லேசாக இருட்டினால் கூரை ஒழுகுமோ என்பார். மழை பெய்து கூரை ஒழுகாவிட்டால், தண்ணீர் வேறெங்கே போயிருக்கும் என்று ஏணி போட்டு ஏறிப் பார்ப்பார். "கவலைப்பட ஒண்ணுமே இல்லன்னா அதுக்கும் சேர்த்துக் கவலைப்படுவீங்க நீங்க" என்பாள் அவர் மனைவி. ஆனால் கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் அந்த விரல்களில் நடுக்கமே இருக்காது. அடுத்தவர் தொண்டையில் கத்தி வைக்கப் பயப்படாத மனிதர், தன் பிள்ளையின் தொண்டையில் ஒரு பருக்கை இறங்குவதற்கு அப்படிப் பயந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. பையனுக்குப் பல் முளைத்த புதிதில் ரொட்டித் துண்டு ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்டது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, ஒரு பெரிய இருமலோடு அது தானாகவே வெளியே வந்து விழுந்தது. பையன் உடனே சிரித்துவிட்டான். அப்பாவுக்குத்தான் அன்று பொழுது சாயும்வரை வேலை ஓடவில்லை. அன்றிலிருந்து உருளைக்கிழங்கானாலும் கேரட்டானாலும் முட்டையானாலும் மசித்துக் குழைத்துக் கரண்டியில்தான். அதுவும் அவர் கையால்தான்.

மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். விடிந்ததும் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். வீடென்பது கடைக்குப் பின்னால் ஓர் அறை, அவ்வளவுதான். எனவே பையன் வளர்ந்ததெல்லாம் கடையில். அவர் அவனுக்கு ஊட்டுவதைப் பார்க்கவே சிலர் சீக்கிரம் வந்து உட்காருவார்கள். முடி வெட்டும்போது போர்த்துகிற வெள்ளைத் துணியை உதறிப் போர்த்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுவார். எல்லோரிடமும் சொல்வதையே அவனிடமும் சொல்வார்: "கைய உள்ள வச்சுக்கோ ராஜா." இரண்டு விரலால் மோவாயை லேசாக நிமிர்த்துவார். கரண்டி உள்ளே போகும், வெளியே வரும், துண்டு உதட்டை ஒற்றும். ஒரு பருக்கை சிந்தாது.

"எங்க வீட்டுல பிள்ளை சாப்பிட உட்கார்ந்தா தரை சாப்பிடும், சுவர் சாப்பிடும், பிள்ளை மட்டும் சாப்பிடாது" என்று வந்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். சலூன்காரர் கேட்டுக்கொண்டே அடுத்த கரண்டியை எடுப்பார். உள்ளுக்குள் குளிர்ந்து போவார். லீவு நாளில் அம்மா வீட்டுக்குள் வைத்து ஊட்டினால் பையன் வாயைத் திறக்கமாட்டான் என்பதிலும் அவருக்கு ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது. அதை மட்டும் அவர் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

இப்படியே போயிருக்கும். பையன் நடக்கக் கற்றுக்கொண்டான், அங்கேதான் வினை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளருக்குப் பின்கழுத்தில் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் எதேச்சையாகப் பார்த்தார். பையன் இழுப்பறையைத் திறந்து மடக்குச் சவரக்கத்தியைக் கையில் வைத்திருந்தான். நல்லவேளை, மடக்கியே இருந்தது. கத்தாமல், ஓடாமல், பூனையைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி நடந்து போய் அதை வாங்கி வைத்தார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், வெகுநேரம் எழவில்லை, வாடிக்கையாளர் பாதித் தலையோடு காத்திருந்தார்.

"போதும். நாளைக்கே காப்பகத்துல சேர்த்துடலாம்" என்றாள் மனைவி. "இல்ல, நான் வேலைய விட்டுட்டு வீட்டுல இருக்கேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அந்த வேலை நிரந்தரமாவதற்கு அவள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். அடுத்த தெருவில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் பையனைச் சேர்த்தார்கள். முதல் நாள் அப்பா அம்மா உடன் இருக்கலாம் என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவருக்கும் கழுத்தில் ஒரு சின்னத் துணியைக் கட்டிவிட்டார் டீச்சர். அதைப் பார்த்ததும் சலூன்காரருக்கு நிம்மதி. சுத்தமான இடம், பையன் பிழைத்துக்கொள்வான் என்று கடைக்குத் திரும்பினார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, கூட்டிப்போக வந்தவரை டீச்சர் ஓரமாக அழைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பையன் தட்டையே தொடமாட்டேங்கிறான்."

"பிடிக்கலையோ என்னவோ. கொஞ்சம் மசிச்சுக் குடுத்தீங்கன்னா..."

"பிடிக்கலன்னா தள்ளிவிடுவாங்க, அழுவாங்க. இவன் ஒண்ணுமே செய்யறதில்ல. கைய மடியில வச்சுக்கிட்டு, முகத்தத் தூக்கி வாயத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். பக்கத்துப் பிள்ளை அவன் தட்டுல இருந்து எடுத்துத் தின்னாலும் கை அசையல. பாலை மட்டும் நாங்க வாயில வச்சுக் குடுக்கறோம். எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை கையக் காட்டிடுங்க."

டீச்சர் அதற்கப்புறம் சொன்னதும் காதில் விழுந்தது. இத்தனை பிள்ளைகளுக்கு இரண்டே பேர், ஊட்டிவிட ஆள் இல்லை, வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், அப்புறம் கொஞ்சம் பெரியவனானதும் கூட்டி வாருங்கள். கேட்டுக்கொண்டு தலையாட்டினாரே தவிர, அவர் மனம் 'கையக் காட்டிடுங்க' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

வரும் வழியெல்லாம் பையனின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரலைப் பிடித்து அழுத்தினார். பையன் கூச்சத்தில் சிரித்தான். சிரிப்பது சரிதானா, வலித்திருக்க வேண்டுமோ என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

மனைவி சிரித்தே விட்டாள். "இழுப்பறையத் திறந்து கத்திய எடுத்த கைக்கு, தட்டுல இருக்கறத எடுக்கத் தெரியாதா?"

"அதான் எனக்குப் பயமா இருக்கு. கை நல்லாத்தான் இருக்கு. சாப்பாட்டப் பார்த்தா மட்டும் அசையலன்னா, அது கையில இல்ல. வேற எங்கயோ இருக்கு." அவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அவள் சிரிப்பு நின்றுபோயிற்று.

டாக்டரிடம் போனார்கள். பையன் டாக்டரின் பேனாவைப் பிடுங்கினான், காதில் மாட்டியிருந்த குழாயைப் பிடித்து இழுத்தான், மேசைமேல் இருந்த சின்ன டார்ச்சை எடுத்து எரியவிட்டு அப்பாவின் கண்ணிலேயே அடித்தான். டாக்டர் சிரித்தார்.

"கைக்கு ஒண்ணும் இல்ல. புத்திக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாத்துக்கும் ஊட்டிவிட்டுப் பழக்கிட்டீங்க, அவ்வளவுதான். மெத்துன்னு வெந்தத விரல்ல பிடிக்கற மாதிரி வெட்டி முன்னால வச்சிட்டு, பக்கத்துல இருந்து சும்மா பாருங்க. சிந்தட்டும், பூசிக்கட்டும். பசிச்சா எடுப்பான்."

"எடுக்கலன்னா டாக்டர்?"

"அடுத்த வேளை எடுப்பான்."

"அப்பவும் எடுக்கலன்னா?"

டாக்டர் அவரை விட்டுவிட்டு அவர் மனைவியைப் பார்த்தார். "இவர் இப்படித்தான் டாக்டர்" என்றாள் அவள்.

மறுநாள் காலை, மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனதும், டாக்டர் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தார். நாற்காலியைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த மேடையோடு ஒட்டித் தள்ளினார். சீப்பு, கத்திரி, பவுடர் டப்பா எல்லாவற்றையும் அகற்றிவிட்டு அங்கே தட்டை வைத்தார். வெந்த உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்டார். வெட்டும்போது அந்தப் பழைய ரொட்டித் துண்டு கண்ணுக்குள் வந்து போனது. சிந்தட்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்று, வெள்ளைத் துணியை வழக்கத்தைவிட நன்றாக இழுத்துப் போர்த்திக் கட்டினார். "கைய உள்ள வச்சுக்கோ ராஜா" என்று வாய் தானாகச் சொன்னது. பிறகு தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பையன் மோவாயை நிமிர்த்தினான். வாயைத் திறந்தான். கண்ணாடிக்குள் இருந்த அப்பாவைப் பார்த்தான்.

"எடு ராஜா. எடுத்துச் சாப்பிடு."

வாய் திறந்தே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கீழுதடு பிதுங்கியது. அப்புறம் ஒரே அழுகை. பசி அழுகைதான், தகப்பனுக்குத் தெரியாதா? அவரால் தாங்க முடியவில்லை. கிழங்கை மசித்துக் கரண்டியில் எடுத்து ஊட்டிவிட்டார். விக்கலுக்கு நடுவே பையன் ஆவலாக விழுங்கினான். சலூன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைத் தூக்கிப் போய்க் காப்பகத்தில் விட்டார். அன்றும் தட்டு அப்படியே இருந்ததாம். மறுநாளும் அதே கதை. பையனின் கன்னம் வற்றிக்கொண்டு வருவதாக அவருக்குத் தோன்றியது. மனைவி அப்படியொன்றும் இல்லை என்றாள். ஆனால் அவளும், வேலையை விடுவதென்றால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று உடன் வேலை செய்பவளிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து அவருக்கும் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பகலில் தபால்காரர் சவரத்துக்கு வந்தார். வாரம் தவறாமல் வருகிற ஆள், வாய் ஓயாமல் பேசுகிற ஆள். சலூன்காரர் துணியைப் போர்த்தி, கன்னம் முழுக்க நுரை பூசி, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பேச்சு திடீரென்று நின்றது. கண்ணாடியில் பார்த்தால் தபால்காரர் மூக்கை இப்படியும் அப்படியும் சுளித்து, முகத்தைக் கோணலாக்கித் தவித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"மூக்கு அரிக்குதுப்பா. உயிர் போகுது. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

சலூன்காரர் துண்டால் அழுத்தித் தேய்த்துவிட்டார். "கைய வெளிய எடுத்துச் சொறிஞ்சுக்க வேண்டியதுதானே? நானா பிடிச்சு வச்சிருக்கேன்?"

"நல்லாக் கேட்ட போ. கழுத்துல துணியக் கட்டிட்டா அப்புறம் ஏது கை? நீதான எப்பவும் உள்ள வச்சுக்க உள்ள வச்சுக்கங்கற? பழகிருச்சு."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. பையன் உட்காரத் தெரிந்த நாளிலிருந்து, வேளை தவறாமல், அவன் கைகளைத் துணிக்குள் போட்டு மூடி, உள்ளே வைத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லி, சமத்து சமத்து என்று கொஞ்சி வளர்த்தது யார்? சாப்பாடு வரும்போது கை இருக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளை ஒழுங்காகப் பாடம் படித்திருக்கிறது. டாக்டர் தள்ளி நிற்கச் சொன்னார், தள்ளி நின்றார். துணியை அவிழ்க்கச் சொல்ல டாக்டருக்கு எப்படித் தோன்றும்? சாப்பிடும் பிள்ளைக்குச் சலூன் துணி போர்த்துகிறவன் இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறான்?

"என்னப்பா, பாதி நுரையோட விட்டுட்டு எங்கயோ பார்த்துக்கிட்டு நிக்கற?" என்றார் தபால்காரர்.

அன்று சாயங்காலம் பையனின் சட்டையைக் கழற்றினார். துணி இல்லாமல், வெறும் உடம்போடு நாற்காலியில் உட்கார வைத்து, கிழங்குத் தட்டை முன்னால் வைத்தார். மனைவி வேலையிலிருந்து வந்த கையோடு பக்கத்தில் நின்றாள். பையன் கண்ணாடியைப் பார்த்தான், தன் வயிற்றைப் பார்த்தான், கைகள் மடியில் கிடந்தன. சலூன்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு துண்டு தட்டின் விளிம்பிலிருந்து நழுவிப் பையனின் தொடையில் விழுந்தது. சூடு ஆறிய கிழங்குதான். அதைத் தொட்டான். பிசைந்தான். விரலிடுக்கில் பிதுங்கி வந்ததை ஆச்சரியமாகப் பார்த்தான். அப்புறம் கையோடு வாயில் வைத்தான்.

உடனே இருமினான்.

சலூன்காரர் பாய்ந்தார். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இருங்க. இருமறான். இருமினா மூச்சு போகுதுன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் இருங்க." அவளும் பையனின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பையன் இன்னொரு முறை இருமி, விழுங்கி, அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினான். அன்று கண்ணாடியும் கிழங்கு சாப்பிட்டது, நாற்காலியும் சாப்பிட்டது. மனைவி அழுதாள். அவர் தரையைப் பெருக்கினார்.

வெள்ளிக்கிழமை பையனைத் தெம்பாகக் கொண்டுபோய் விட்டார். "இன்னைக்குப் பாருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். ஆனால் சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்கக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திவிட்டு அடுத்த தெருவுக்கு நடந்தார். சாப்பாட்டு நேரத்தில் பெற்றோர் உள்ளே வரக் கூடாது, பிள்ளைகள் அழும் என்பது அங்கே சட்டம். எனவே பக்கத்துச் சந்தில் நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

தட்டுகள் வந்தன. பையன் தட்டைப் பார்த்ததும் கையை நீட்டினான். சலூன்காரர் மூச்சை விட்டார். அந்த நேரம் பார்த்து டீச்சர் பின்னால் வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டுவது போல அவன் கழுத்திலும் சின்னத் துணியைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டார்.

பையனின் கைகள் மடியில் இறங்கின. மோவாய் நிமிர்ந்தது. வாய் திறந்தது.

அவ்வளவு சின்னத் துணி, நெஞ்சைக்கூட முழுசாக மறைக்கவில்லை. கைகள் வெளியேதான் இருந்தன. பிடரியில் முடிச்சு விழுந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது. முதல் நாளே இந்தத் துணியைப் பார்த்து நிம்மதிப்பட்டது நினைவுக்கு வந்து சலூன்காரருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. டீச்சர் பையனைப் பார்த்துவிட்டு, இன்னொரு டீச்சரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான், முடிந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் ஓடியது. சட்டமாவது மண்ணாவது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"டீச்சர், அந்தத் துணிய அவுத்துடுங்க."

"சார், நீங்க இப்ப உள்ள வரக் கூடாது..."

"தப்பு என் மேலதான். கடைத் துணியப் போர்த்தித்தான் ஊட்டினேன். கைய உள்ள வச்சுக்கோன்னு நான்தான் பழக்கினேன். கழுத்துல கட்டினா அவன் கைய எடுக்கமாட்டான். தயவுசெஞ்சு அவுத்துடுங்க. சட்டை அழுக்கானா நான் துவைச்சுக்கறேன்."

டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாலைந்து பிள்ளைகள் வேறு ஆளைக் கண்டு அழ ஆரம்பித்தார்கள். ஆனாலும் குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

பையன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். கைகள் மேலே வந்தன. கேரட்டை எடுத்தான், வைத்தான், கிழங்கை எடுத்தான். கன்னத்தில் பாதி, வாயில் பாதி. அப்பா வந்து நிற்பதை அவன் கவனிக்கவே இல்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தபடி நிதானமாக மென்றான்.

சலூன்காரருக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் கன்னத்தில் கிழங்கோடு ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் அவர் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து கைக்குட்டை தானாக வந்தது. குனிந்து அவன் வாயைத் துடைக்கப் போனார். பையன் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. கிழங்கு அப்பிய கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஓங்கித் தள்ளிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தான். நல்ல பலம். எந்தக் கைக்கு என்ன வந்துவிட்டதோ என்று இத்தனை நாளும் மருகினாரோ, அந்தக் கை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு, இனி இவனுக்குத் தன் கை வேண்டாம் என்பது நெஞ்சில் எங்கோ சுருக்கென்று குத்தவும் செய்தது.

"நீங்க கிளம்புங்க சார்" என்றார் டீச்சர். இப்போது குரலில் கடுமை இல்லை. "திங்கட்கிழமை மாத்துச் சட்டை ரெண்டு குடுத்தனுப்புங்க."

அவர் கடையைத் திறந்தபோது வாசலில் ஓர் ஆள் காத்திருந்தார். உட்கார வைத்துத் துணியை உதறிப் போர்த்திக் கழுத்தில் முடிந்தார். "கைய" என்று ஆரம்பித்தவர், மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். வந்தவர் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "என்னங்க, இவ்வளவு சுத்தமான ஆளு, சட்டைக் கையில என்னமோ அப்பியிருக்கு?" என்றார்.

சலூன்காரர் குனிந்து பார்த்தார். துடைக்கவில்லை.

"முதலாளி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு" என்றார். "நான் குறுக்க போயிட்டேன்."